குதிகாலில் நின்றுபோன ரோமானியக் காலுறை

பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போன ஜனவரியில் 80 வயது நிறைந்தது. எனக்குப் பின்னல் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இங்கிலாந்தின் தெற்கே இருக்கும் சிச்செஸ்டருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். என்னைத் தன் சமையலறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஓர் உருண்டை கம்பளி நூலைக் கையில் கொடுத்தார். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ரோமானியர் என்றால் உயிர். அவருடைய பிறந்தநாளுக்கு, ரோமானியத் தரைச் சித்திர வடிவத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி காலுறை பின்னித் தரவேண்டும் என்று அக்டோபர் தொடக்கத்தில் முடிவு செய்தேன். அவருக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது என்பதால், சந்தேகம் வந்தால் கேட்கவேண்டிய ஒரே ஆளிடம் கேட்க வழியில்லாமல் போயிற்று. மூன்று மாதம், 74 பவுண்டு, ஏறக்குறைய 90 மணி நேரம் செலவானது. இதில் ஏறக்குறைய பாதி வீண். யாராவது முதல் நாளே என்னை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த நாலு விஷயத்தைத்தான் எழுதுகிறேன்.

ஏன் காலுறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்று ஒரு ரோமானியக் கோட்டை. பின்னாளில் ரோமானியரின் எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவர் எழுந்த இடத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1973-இல் அங்கே தோண்டியபோது, மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் வெளிவரத் தொடங்கின. அதில் ஒரு துண்டுக் கடிதம் இந்த அம்மாவுக்கு மனப்பாடம். யாரோ ஒருவர், சத்துவா என்பவரிடமிருந்து காலுறைகள், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜோடி உள்ளாடை அனுப்பியிருப்பதாக எழுதுகிறார். ஏறக்குறைய 1,900 வருடத்துக்கு முன்னால், குளிரில் கிடந்த ஒருவருக்கு வந்த பார்சல். அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவின் குரல் இறங்கிவிடும். வெயில் ஊரிலிருந்து வந்து இந்த ஈரக் குளிரில் முதல் டிசம்பரைக் கழித்த எனக்கும், அந்தக் காலுறை எவ்வளவு பெரிய விஷயம் என்று நன்றாகவே தெரியும்.

வடிவத்துக்கு ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரை ஒட்டியே பிஷ்போர்ன். 1960-இல் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியபோது தட்டுப்பட்ட ரோமானிய மாளிகை அங்கே இருக்கிறது. எல்லோரும் டால்ஃபின் மேல் காதல் தெய்வம் க்யூபிட் உட்கார்ந்திருக்கும் வண்ணத் தரையைப் பார்க்கத்தான் போவார்கள். எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய, முதல் நூற்றாண்டுக் கறுப்பு வெள்ளைத் தரைகள். சின்னச் சின்னக் கல் துண்டுகளை அடுக்கிக் கட்டமும் சிலுவையுமாகப் போட்டிருப்பார்கள். ஒரு கல் ஒரு கண்ணி, அதாவது பின்னலின் ஒரு வளையம், என்று வைத்துக்கொண்டால் அப்படியே கட்டத்தாளில் ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. மேல் ஓரத்துக்கு, ரோமானியத் தரைகளில் அடிக்கடி வரும் மடங்கி மடங்கி ஓடும் கோட்டை எடுத்துக்கொண்டேன். எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை அது திரும்ப வரும்.

ரோமானியர் பின்னிய முறையிலேயே பின்னலாமா என்றும் தேடிப் பார்த்தேன். நாம் இரண்டு ஊசியில் பின்னுகிற பின்னல் அவர்களுக்குத் தெரியாது. ரோமானிய ஆட்சியிலிருந்த எகிப்தில் கிடைத்த கம்பளிக் காலுறைகள், செருப்பு வார் நுழைய விரல் பகுதி இரண்டாகப் பிரிந்திருக்கும். எல்லாம் ஒற்றை ஊசியில் துண்டு நூலால் முடிச்சுப் போல வளைத்து வளைத்துச் செய்தவை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அப்படி ஒரு குழந்தைக் காலுறை இருக்கிறது. மூன்றே சாயத்தை வைத்துக்கொண்டு அத்தனை நிறப் பட்டைகள் போட்டிருக்கிறார்கள் என்று 2018-இல் ஆராய்ந்து சொன்னார்கள். இரண்டு நிற நூலைக் கூடவே ஓட்டி உருவம் பின்னுகிற வேலை, பல நூற்றாண்டு கழித்து இஸ்லாமிய எகிப்தின் நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகளில்தான் வருகிறது. சரி, வடிவம் ரோமானியருடையது, கைவேலை எகிப்தியருடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

இணையத்தில் கையால் சாயம் தோய்த்து விற்கும் ஒருவரிடம் கறுப்பில் ஒரு சிட்டம், வெள்ளையில் ஒரு சிட்டம் வாங்கினேன். ஒவ்வொன்றும் 22 பவுண்டு. 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான், 100 கிராமுக்கு 400 மீட்டர் வரும் வழக்கமான காலுறை நூல். 2.25 மில்லிமீட்டர் தடிமனில் ஊசி ஒரு செட் 8 பவுண்டு. கறுப்பு நூலின் பளபளப்பைப் பார்த்து அரை மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அளவு பார்க்க மாதிரித் துண்டும் பின்னினேன். ஒழுங்காகத்தான் செய்கிறோம் என்று நினைப்பு. ஆனால் அந்தத் துண்டை வெள்ளை நூலில் மட்டும், முன்னும் பின்னும் திருப்பித் திருப்பித் தட்டையாகப் பின்னினேன். அங்குலத்துக்கு 8 கண்ணி வந்தது. வழக்கமாக எனக்குப் பின்னும் கணக்கில், தொடக்க வரிசையாக ஊசியில் 64 கண்ணி ஏற்றினேன். எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே செருப்பு அளவு, 5. அதனால் என் காலே அளவுகோல்.

விளிம்பு, ஓரக்கோடு, கட்டங்கள், குதிகால் திருப்பம் எல்லாம் முடிய 14 மணி நேரம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பிள்ளை தூங்கியபின், முதல்முறையாகக் காலில் போட்டுப் பார்த்தேன். விரல் போயிற்று, பாதம் போயிற்று, குதிகாலில் வந்து நின்றுவிட்டது. இழுத்தேன், நகரவில்லை. இன்னும் இழுத்தால் நூல் அறுந்துவிடும் போல விறைத்துக்கொண்டது. பாதி காலில் மாட்டிய காலுறையோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இத்தனை வருடம் பின்னுகிறோம், ஒரு காலுறையைக் காலில் ஏற்ற முடியவில்லையே என்று அவமானமாக இருந்தது, பார்க்க ஒருவரும் இல்லாத வீட்டில்கூட.

காரணம் மறுநாள் புரிந்தது. ஒற்றை நிறப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் வளைந்த நூல், இழுத்தால் நெளிவு நிமிர்ந்து துணி விரியும். இரட்டை நிறத்தில், முன்னால் கறுப்பு பின்னப்படும்போது வெள்ளை நூல் பின்பக்கமாக நேராக ஓடுகிறது. பாவாடை நாடாவை இழுத்துக் கட்டிய மாதிரி, அந்த நேர் நூல் துணியை விரிய விடாது. என் கணக்கையும் அதுவே மாற்றிவிட்டது. உருளையாக, இரண்டு நூலோடு பின்னும்போது எனக்கு அங்குலத்துக்கு 9 கண்ணி வந்திருக்கிறது. 64 கண்ணிக்கு 18 சென்டிமீட்டர்தான்.

ஆகவே கண்ணி ஏற்றும் முன் செய்யவேண்டியது இது. அளவு நாடாவைக் குதிகாலின் கடைசியிலிருந்து பாதம் கணுக்காலில் மடங்குமிடம் வரை சாய்வாகச் சுற்றிப் பிடியுங்கள். காலில் அதுதான் பெரிய சுற்றளவு. எனக்கு 30 சென்டிமீட்டர். மாதிரித் துண்டை இரண்டு நிறத்திலும், காலுறையில் பின்னுகிற மாதிரியே பின்னுங்கள். உருளையாகப் பின்னப் பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு: ஒரு வரிசை முடிந்ததும் திருப்பாமல், ஊசியில் கண்ணிகளை மறுபடி வலப்பக்கம் தள்ளி, நூலைப் பின்னால் தளர்வாக நீளமாக விட்டு, முன்பக்க வரிசையாகவே மறுபடி தொடங்குங்கள். பிறகு துண்டை இழுத்தும் அளந்து பாருங்கள். இதைத்தான் எந்தக் குறிப்பிலும் நான் கவனிக்கவில்லை. என் துண்டில் 10 சென்டிமீட்டரை இழுத்தால் ஒற்றை நிறம் 16 வரை வந்தது, இரட்டை நிறம் 12.5-க்கு மேல் வரவில்லை. 18 சென்டிமீட்டர் உருளை முழுதாக விரிந்தாலும் 22.5. அது 30 சென்டிமீட்டர் குதிகாலை எப்படித் தாண்டும்?

புதுக் கணக்குப் போட்டேன். 2.5 மில்லிமீட்டர் ஊசியில் அங்குலத்துக்கு எட்டரைக் கண்ணி. 80 கண்ணி ஏற்றினால் 24 சென்டிமீட்டர், இழுத்தால் 30. குதிகால் தாண்டியபின் கண்ணி குறைத்துப் பாதத்துக்கு 72. எட்டில் வகுபடுவதால் ஓரக்கோடும் உடையாது. கட்டத்தாளையும் திருத்தினேன். தரையில் இருக்கும் கல் சதுரம், பின்னலின் கண்ணி சதுரம் இல்லை, அகலத்தைவிட உயரம் சற்றுக் குறைவு. முதல் முயற்சியில் என் கட்டங்கள் எல்லாம் மேலிருந்து அழுத்தியது போலக் குட்டையாக வந்திருந்தன. ஒன்பது கண்ணி அகலக் கட்டத்துக்குப் பத்துச் சுற்று என்று மாற்றியதும் சதுரமாயிற்று. இது ஒவ்வொருவர் கைக்கும் மாறும், மாதிரித் துண்டில் அகலத்தோடு உயரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பழையதைப் பிரித்து அதே நூலில் இரண்டாவது முறை ஆரம்பித்தேன். நவம்பர் நடுவில் ஒரு காலுறை முழுதாக முடிந்தது, 30 மணி நேரம். காலில் ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு குறைகளைக் கண்டும் காணாதது போல விட்டுவிட்டேன்.

முதலாவது, உள்ளே ஓடும் நூல். ஓரக்கோட்டில் ஏழு கண்ணி தொடர்ந்து கறுப்பு வரும் இடங்களில் வெள்ளை நூல் ஏழு கண்ணி நீளத்துக்குத் தொங்கியது. போடும்போது கட்டைவிரல் அதில் மாட்டிக்கொள்ளும். வயதானவர்களுக்கு இது எரிச்சலோடு நிற்காது. நகத்தில் சிக்கி இழுத்தால் வலிக்கும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் உரசிப் புண்ணானாலும் தெரியாது. ஐந்து கண்ணிக்கு மேல் ஓடினால் நடுவில் ஒருமுறை, முன்னால் பின்னுகிற நூலைச் சுற்றி அதைப் பிடித்துவிடவேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே இடத்தில் பிடிக்காதீர்கள், ஒரு கண்ணி தள்ளிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் முன்பக்கம் கோடு விழுந்தது போல எட்டிப் பார்க்கும். நூலை இறுக்கவும் கூடாது. நிறம் மாற்றும் முன், வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் நன்றாகப் பரப்பிவிட்டுப் பிறகு அடுத்த நிறத்தை எடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டாவது குறையைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறேன். நாலு நாள் தொடர்ந்து வேலை, அந்த நாலு நாளும் பின்னலைத் தொடவில்லை. மறுபடி எடுத்துப் பின்னி முடித்துப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே கறுப்பு எடுப்பாக நிற்கிறது, கீழே அதே கறுப்பு உள்வாங்கி மங்கலாகத் தெரிகிறது. நூலும் அதே, வடிவமும் அதே. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டு நூலில் பின்பக்கம் கீழாக ஓடுகிற நூலின் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாக விழும், அந்த நிறம்தான் முன்னால் வந்து நிற்கும். முதலில் கறுப்பை இடக்கையிலும் வெள்ளையை வலக்கையிலும் பிடித்திருந்தேன். இடைவெளிக்குப் பின் கை மாறிவிட்டது. இப்போது பின்னல் பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன்: ‘கறுப்பு இடக்கை.’ எந்த நிறம் உருவமோ அதைக் கீழே ஓடவிடுங்கள், கடைசிக் கண்ணி வரை மாற்றாதீர்கள்.

பிரிக்க மனம் வரவில்லை. செருப்புக்குள் போகிறது தானே என்று நினைத்துக்கொண்டு, கண்ணிகள் சமமாக அமர்வதற்காகக் காலுறையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தேன். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் கிண்ணத்துத் தண்ணீர் நாவல் பழச் சாறு. தூக்கிப் பார்த்தேன், வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ஊதா கலந்த சாம்பல். பச்சைத் தண்ணீரில் ஐந்து முறை அலசினேன். வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்று படித்திருந்தேன், ஊற்றினேன், நிற்கவில்லை. இவ்வகைக் கம்பளிச் சாயம் நூலில் பிடிக்க அமிலத்தோடு கொதிக்கும் அளவுக்குச் சூடும் வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். அடர்ந்த நிறங்களைத் தனியாக அலசவேண்டும் என்று பதில் வந்தது, பணம் வரவில்லை. 44 பவுண்டு நூலும் போயிற்று. அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. ஈரக் காலுறையைத் துண்டில் சுற்றி அலமாரியின் அடியில் போட்டுவிட்டு, பிறந்தநாளுக்குக் கடையில் ஒரு சால்வை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவுகட்டினேன். ஒன்பது நாள் ஊசியைத் தொடவில்லை.

மறுபடி எடுக்கவைத்தது அந்த அம்மாவேதான், அவருக்கே தெரியாமல். டிசம்பர் முதல் வாரம் தேநீருக்குப் போயிருந்தேன். தோட்டத்திலிருந்து வந்து காலணியைக் கழற்றினார். அவருடைய காலுறை குதிகாலில் மூன்று நிற நூலால் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது. கணுக்காலில் விளிம்பு அழுத்திய சிவந்த தடம். ‘சாயந்தரமானால் கால் வீங்கிவிடுகிறது, எந்தக் காலுறையும் ஒத்துவருவதில்லை’ என்று சாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கட்டத்தாளை எடுத்துவிட்டேன்.

இந்த முறை ஆலையில் சாயமிட்ட நூல். கரிக் கறுப்பில் இரண்டு, பாலாடை வெள்ளையில் இரண்டு என்று 50 கிராம் உருண்டைகள் நாலு, ஒவ்வொன்றும் ஐந்தரைப் பவுண்டு. ஒரே நிறத்தின் உருண்டைகளில் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று சீட்டைப் பார்த்து வாங்கினேன். கறுப்பில் ஒரு சாண் நூலை வெட்டி, நனைத்த வெள்ளைச் சமையலறைத் தாளில் சுற்றி, ஒரு கனமான புத்தகத்தின் அடியில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் தாள் வெள்ளையாகவே இருந்தது. செலவில்லாத சோதனை. கறை தெரிந்தால் அந்த நூலைத் தனியாக, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள், தெளியவில்லை என்றால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள்.

அவருடைய வீக்கத்துக்காக விளிம்பை மாற்றினேன். ஒற்றை நிறத்தில், இரண்டு முன்கண்ணி இரண்டு பின்கண்ணியாக, நன்றாக இழுபடும் விளிம்பு. கண்ணி ஏற்றும்போது இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து ஏற்றினால் ஆரம்ப வரிசை தளர்வாக இருக்கும். வடிவம் ஆரம்பித்து ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் கண்ணிகளை ஒரு மிச்ச நூலில் மாற்றிக் குதிகாலைத் தாண்டுகிறதா என்று பார்த்தேன். முதல் முயற்சியில் இதைச் செய்திருந்தால் 14 மணி நேரம் நாலு மணி நேரத்தோடு முடிந்திருக்கும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை மெல்லிய பருத்தி நூலைக் கண்ணிகள் வழியாகக் கோத்து விட்டுவைத்தேன். தப்பு நேர்ந்தால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும். இரண்டு முறை அது என்னைக் காப்பாற்றியது.

உருளையாகப் பின்னுவது உண்மையில் சுருள் போல ஏறுவதுதான், அதனால் சுற்று ஆரம்பிக்கும் இடத்தில் கோடு ஒரு படி இறங்கித் தெரியும். மடங்கி ஓடும் கோட்டில் இது பளிச்சென்று தெரியும், மறைக்க வழியில்லை. சுற்றின் தொடக்கத்தைக் காலின் பின்பக்கம் உட்புறமாக வைத்துக்கொண்டேன். வலது காலுக்கும் இடது காலுக்கும் எதிரெதிராக வைக்கவேண்டும் என்று மட்டும் நினைவிருக்கட்டும். குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் உருவம் வேண்டாம், ஒரு கறுப்பு ஒரு வெள்ளை என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நூல் எங்கும் ஒரு கண்ணிக்கு மேல் ஓடாது, துணி இரட்டைத் தடிமனாக வரும், சீக்கிரம் தேயாது.

இரண்டாவது காலுறையை முதலாவது முடிந்த அன்று இரவே ஆரம்பித்தேன், கை அதே இறுக்கத்தில் இருக்கும்போதே. அப்படியும் அரை சென்டிமீட்டர் அகலமாக வந்தது. பிரிக்க நேரமில்லை. முன்புபோல இல்லாமல், இதோடு வாழலாம் என்று தெரிந்தே விட்டேன். மூன்றாம் முயற்சிக்கு 45 மணி நேரம். பிறந்தநாளுக்கு முந்தைய இரவு இரண்டு மணிக்குக் காலுறையின் விரல் நுனியைத் தைத்து மூடினேன். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் கிண்ணத்தின் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. துண்டில் சுற்றி மிதித்துப் பிழிந்து, ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி விரித்துவைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பழுப்புத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். உள்ளே ஒரு சீட்டில் அந்த விண்டோலாண்டா வரியை என் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு காலுறையைக் கையில் எடுத்தார். கட்டங்களைப் பார்ப்பார், பிஷ்போர்ன் என்று கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் முதல் வேலையாக உள்ளே கையை விட்டு அதை மறுபுறம் திருப்பினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பின்பக்கம் ஓடும் நூல்கள் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார், விளிம்பிலிருந்து விரல் நுனி வரை.

‘எத்தனை முறை பிரித்தாய்?’ என்று கேட்டார்.

முதலாவதைப் பிரித்ததையும், இரண்டாவது அலமாரியின் அடியில் கிடப்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். ‘அதைத் தூக்கிப் போட்டுவிடாதே, நாளைக்குக் கொண்டு வா, பார்ப்போம்’ என்றார். அப்புறம் குனிந்து, வீங்கியிருந்த இடது காலில் காலுறையை மாட்டினார். குதிகாலில் ஒரு நொடி நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கட்டைவிரலாலும் விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தார், தாண்டி ஏறியது.